வெளியே போகும் தண்ணீருக்கு எந்தப் பக்கம்?

என் தாய்மாமா கேட்ட ஒரு கேள்வி இருபது வருடங்களாக என்னை விடவில்லை. 2005, ஆவணி மாதம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். முடித்து மூன்றாவது வருடம். அதே பட்டறையில் அப்பா வின்ச் என்ற சாயமேற்றும் மிஷினை ஓட்டினார். மாமா தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையோடு வந்திருந்தார். அப்பாவின் ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருந்ததால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். சனிக்கிழமை, சம்பள நாள். நான் பேரேட்டைத் திறந்து வாரக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மாமா ஆறாவது வரைதான் படித்தவர், ஆனால் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தார். சாயம். உப்பு. சோடா. விறகு. கரண்ட். கூலி. லாரித் தண்ணீர்.

"லாரித் தண்ணி என்ன வெலை கண்ணு?" என்றார். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி 450 ரூபாய் என்றேன். நாளைக்கு இருபத்தைந்து லாரி வரும் என்றும் சொன்னேன். தலையாட்டினார். கல்யாணத்துக்குச் சமைக்க அவரும் லாரிக்குத்தான் சொல்லி வைத்திருந்தார். அவர் வீட்டுக் கிணற்றில் அறுபதடிக்குத் தண்ணீர் நின்றது. அதில் சோறு வேகாது, பருப்பு வேகாது. அப்புறம் கேட்டார்: "உள்ள வர்ற தண்ணிக்கு ஒரு பக்கம் போட்டிருக்கறீங்க. அது வெளிய போகுதல்லங்க, அதுக்கு எந்தப் பக்கம்?"

குத்திக்காட்டும் குரலில் அவர் அதைக் கேட்கவில்லை. என் கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று நினைத்துத்தான் கேட்டார். நான் பேரேட்டைப் புரட்டினேன். வெளியே போகும் தண்ணீருக்குச் சுண்ணாம்பும் அன்னபேதியும் போடுவோம், அந்தச் செலவு கெமிக்கல் பக்கத்தோடு சேர்ந்துவிடும். தண்ணீருக்கு என்று எதுவும் இல்லை. "அதுக்குப் பக்கம் இல்லீங்க மாமா" என்றேன். "செரி" என்றார். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பேச்சு கல்யாணத்துக்குப் போய்விட்டது.

மாமாவின் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை வழியாகத் திருப்பூருக்குள் வரும் நொய்யல், அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம் கிழக்கே போய் அந்த அணையில் நிற்கும். பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டியது. நாங்கள் விட்டதெல்லாம் அங்கேதான் போய்த் தங்கியது. மாமாவின் கிணறு, பள்ளிக்கூட லீவில் நான் நீச்சல் பழகிய கிணறு. அந்த வயலில் மஞ்சளும் வாழையும் இருந்தன. முதலில் மஞ்சள் போனது, பிறகு வாழை. தென்னை நின்றது, ஆனால் காய் சிறுத்து உள்ளே பருப்பு இல்லாமல் போனது. மாடுகள் தொட்டித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொள்ளும். அம்மிச்சி, அம்மாவின் அம்மா, சாகும்வரை, அந்த மாட்டுக்குத் தெரிந்தது அணை கட்டினவர்களுக்குத் தெரியவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அணை கட்டியவர்களை மட்டும் சொல்வதில் நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே போன தண்ணீரில் எங்கள் பட்டறையின் தண்ணீரும் உண்டு. நான் படித்தது அப்பாவின் வின்ச் கூலியில்.

உப்பின் கணக்கு

வெளியூர்க்காரர்கள் நொய்யல் என்றதும் நிறத்தைத்தான் சொல்வார்கள். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் ஊதா. நிறம் கண்ணுக்குத் தெரிந்ததால் அதற்கு ஓரளவு வழி செய்தார்கள். சுண்ணாம்பு போட்டால் நிறம் அடியில் படியும், மேலே தெளிந்துவிடும். நிலத்தைக் கொன்றது உப்பு.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம், 80 கிராம் கூடப் போடுவோம். அந்த உப்பு துணியில் ஒட்டுவதில்லை. சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குள் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது, பிறகு போட்ட அத்தனையும் கழிவுநீரோடு வெளியே போகும். வின்ச் மிஷினில் ஒரு கிலோ துணிக்குக் குறைந்தது பத்து லிட்டர் சாயக்குளியல். ஆக ஒரு கிலோ கறுப்புத் துணிக்கு 600 கிராம் உப்பு. எங்கள் பட்டறை நாளைக்கு மூன்று டன் ஓட்டியது. அடர் நிறமாகவே அமைந்த ஒரு நாளில் ஒன்றே முக்கால் டன்னுக்கு மேல் உப்பு கணக்கில் வாங்கப்பட்டு, கணக்கில்லாமல் ஆற்றுக்குப் போனது. இப்படி எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். சுண்ணாம்பு, அன்னபேதி, நுண்ணுயிர்த் தொட்டி எதுவும் உப்பைத் தொடாது. தெளிந்த தண்ணீர் என்று காட்டினோம். தெளிந்த உப்புத் தண்ணீர்.

இதற்கு ஒரு சட்ட வரம்பும் இருந்தது. வெளியேறும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதையே எட்டவில்லை. எட்டியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று பின்னாளில் யோசித்தேன். குடிநீருக்கு வேறு வழியே இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளக்கூடிய உச்சம் 2,000. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் நொய்யலில் ஓடியதே எங்கள் கழிவும் ஊர்ச் சாக்கடையும்தான். கலந்து நீர்த்துப்போவதற்கு நல்ல தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு பட்டறையும் சட்டப்படி நடந்து, எல்லோரும் சேர்ந்து ஆற்றைச் சாகடித்திருக்க முடியும். வரம்பு ஒவ்வொரு குழாயின் வாயிலும் எழுதப்பட்டிருந்தது. ஆறு எவ்வளவு தாங்கும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

அதை எழுத வைத்தவர்கள் கீழே இருந்த விவசாயிகள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது ஆற்றுப் பாசன நிலக்காரர்கள், சங்கம் வைத்து உயர் நீதிமன்றம் போனார்கள். மாமாவும் கூட்டங்களுக்குப் போவார், பஸ் செலவுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: ஒரு சொட்டும் ஆற்றில் விடக் கூடாது. அந்த நிலை வரும்வரை விடும் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் அபராதம், 6 காசில் தொடங்கி 10 காசு வரை ஏறும்படி. அந்த ஜனவரியில்தான் வெளியே போகும் தண்ணீரை முதன்முதலாக என் பேரேட்டில் எழுதினேன். முதலாளி 'இதர செலவு' பக்கத்தில் போடச் சொன்னார். நாளைக்கு மூன்று லட்சம் லிட்டர், லிட்டர் 6 காசு, 18,000 ரூபாய். எழுதிவிட்டுப் பழைய லாரித் தண்ணீர்ப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு லிட்டரை உள்ளே கொண்டுவர நாலு காசுகூட ஆகவில்லை.

ஜனவரி 28

2009-இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம் நின்றது. அதற்குப் பிறகும் தவணை, தவணைக்கு மேல் தவணை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. கரண்ட் பிடுங்கப்பட்டது. அடுத்த சனிக்கிழமை சம்பளம் இல்லை.

அந்த மாதங்களை நினைத்தால் இன்னும் வயிறு பிசையும். ஊரில் எல்லாமே ஒன்றோடொன்று தொங்குவது. சாயம் இல்லையென்றால் துணி இல்லை, துணி இல்லையென்றால் கட்டிங் இல்லை, செக்கிங் அக்காக்களுக்கு வேலை இல்லை. டீக்கடைகள் காலியாகக் கிடந்தன. தஞ்சாவூர், மதுரைப் பக்கமிருந்து வந்து குடியிருந்தவர்கள் பாத்திரம் பண்டங்களோடு பஸ் ஏறினார்கள். சில பட்டறைகள் ராத்திரியோடு ராத்திரியாக வேறு மாவட்டங்களுக்குப் போய், அங்கே இருந்த ஓடைகளில் அதே தண்ணீரை விட்டன. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. "உன்ற அண்ணன் ஜெயிச்சுட்டாரு" என்று அப்பா ஒரு ராத்திரி சொன்னார். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து போய்த் திண்ணையில் படுத்துக்கொண்டாள்.

மாசி மாதத்தில் மாமா வந்தார். ஒரு மூட்டை கம்பு, மானாவாரியில் விளைந்தது. கிணற்றுத் தண்ணீர் படாத மேட்டு நிலத்தில் மட்டும்தான் அவருக்கு விளைந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "மச்சான், எங்களுக்குப் பதினஞ்சு வருசம் சம்பளம் இல்லீங்க" என்றார். அப்பா கம்பு மூட்டையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "எனக்குத் தெரியுமுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்று கம்பஞ்சோறு ஆக்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அதுவரை நான் ஒரு பக்கம் இருந்தேன். வேலையா ஆறா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. வாடகை கொடுக்க வேண்டியவளுக்கு அதில் எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்க இடமில்லை. அந்தக் கம்பு மூட்டை வந்த பிறகு அந்தக் கேள்வியையே என்னால் ஏற்க முடியவில்லை. மாமாவுடையதும் வேலைதான். அவருக்கு வேலை போனபோது யாரும் கடையடைப்புச் செய்யவில்லை. அவர் இழந்தது எந்தப் பேரேட்டிலும் இல்லாததால் அது இழப்பாகவே யார் கண்ணுக்கும் படவில்லை.

மீண்டும் திறந்தபோது

பட்டறை திறக்கப் பல மாதம் ஆயிற்று. மாநில அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரம் நிலையத்தில் உப்புக் கரைசலையே திரும்பச் சாயத்துக்குப் பயன்படுத்தும் முறை ஓடிக் காட்டியது, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். எங்கள் பட்டறையும் ஒரு நிலையத்தில் குழாய் இணைத்துச் சேர்ந்தது. ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீர் பிரிந்து திரும்பி வருகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலைச் சுத்தம் செய்து சாயத்துக்கே தருகிறார்கள், கடைசியில் மிஞ்சுவதை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். மாதாமாதம் லிட்டர் கணக்கில் பில் வரும். முதல் பில் வந்த அன்று புதிய பேரேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து தலைப்பு எழுதினேன்: 'வெளியேறும் தண்ணீர்'. சாயத்துக்கும் எரிபொருளுக்கும் அடுத்து அதுதான் எங்கள் பெரிய செலவு.

பில் வந்ததும் எல்லோருக்கும் தண்ணீர் மேல் கண் வந்தது. முதலாளி வின்ச்சுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு சாஃப்ட் ஃப்ளோ மிஷின் வாங்கினார். கிலோவுக்குப் பத்து லிட்டராக இருந்த சாயக்குளியல் ஆறாகக் குறைந்தது, உப்பும் அதே விகிதத்தில் குறைந்தது. கழுவும் தண்ணீரெல்லாம் சேர்த்து கிலோவுக்கு நூறு லிட்டர் செலவான இடத்தில் நாற்பத்தைந்து போதும் என்றாயிற்று. இது அத்தனையும் முன்பே செய்திருக்கக்கூடியது. முடியவே முடியாது, தொழில் அழிந்துவிடும் என்று எங்கள் முதலாளி கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை நான்தான் டைப் செய்தேன். தொழில் அழியவில்லை. திருப்பூரின் ஏற்றுமதி இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல். பட்டறைகள் மூடப்பட்ட வருடத்தில் அதில் பாதிகூட இல்லை.

அப்பா மட்டும் திரும்பிப் போகவில்லை. சாஃப்ட் ஃப்ளோவுக்குப் பாதி ஆள் போதும். ஐம்பத்து நான்கு வயதில் அவரைப் பழக்க யாருக்கும் நேரமில்லை. ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார், சம்பளம் பாதி. கோர்ட்டால் வேலை போனது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம். வேலை போனது கோர்ட்டால் இருக்கலாம். அது திரும்பி வராததற்குக் காரணம் எங்கள் சிக்கனம். புதிய செலவில் தன் பங்கு என்ன என்று கடல் கடந்து துணி வாங்குபவர் கேட்டதாக எனக்குத் தெரியாது. சாயக் கூலி கிலோவுக்குச் சில ரூபாய் ஏறியது. அதை பனியன் கம்பெனி கட்டிங்கிலும் செக்கிங்கிலும் பிடித்துச் சரிக்கட்டியது. ஆற்றைக் காப்பாற்றும் செலவு இறங்கி இறங்கிப் பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணின் தலையில் போய் நின்றது.

மூன்று கேள்விகள்

இதையெல்லாம் எனக்குள் வரிசைப்படுத்த உதவியவர் ஹெர்மன் டேலி. 1988 முதல் 1994 வரை உலக வங்கியில் வேலை செய்த அமெரிக்கப் பொருளியலாளர். பொருளாதாரத்துக்கு மூன்று தனித்தனிக் கேள்விகள் உண்டு, ஒன்றின் பதில் இன்னொன்றுக்கு ஆகாது என்பது அவர் வாதம். மொத்தம் எவ்வளவு? அதில் யாருக்கு எவ்வளவு? அதை எப்படிச் சிக்கனமாகச் செய்வது? சந்தைக்கு மூன்றாவது மட்டும்தான் நன்றாகத் தெரியும். இதற்கு அவர் கப்பலின் சுமைக்கோட்டை உதாரணம் காட்டுவார். 1870-களில் சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் எம்.பி. போராடிக் கொண்டுவந்த, கப்பலின் பக்கவாட்டில் வரையும் கோடு. சரக்கை எவ்வளவு நேர்த்தியாக, இரண்டு பக்கமும் எடை சமமாக அடுக்கினாலும் சரி, அந்தக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டால் கப்பல் நேர்த்தியாக மூழ்கும்.

இப்போது இந்தப் பேச்சு வேறு படத்தோடு வருகிறது. 2009-இல் யோஹன் ராக்ஸ்ட்ரோமும் கூட இருந்த விஞ்ஞானிகளும் பூமிக்கு ஒன்பது எல்லைகளைக் குறித்தார்கள். 2023 கணக்கில் அவற்றில் ஆறு தாண்டப்பட்டிருந்தன. 2012-இல் கேட் ராவொர்த் அந்த எல்லைகளை வெளிவட்டமாக வைத்து, உணவு, தண்ணீர், வருமானம், படிப்பு என்று மனிதர்க்குக் குறையக் கூடாதவற்றை உள்வட்டமாக வரைந்தார். உளுந்து வடை மாதிரி ஒரு வளையம். வெளியே போனால் பூமி தாங்காது, நடு ஓட்டையில் விழுந்தால் மனிதன் தாங்கமாட்டான். 2020-இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அதைத் தன் திட்டங்களுக்கு வழிகாட்டியாக ஏற்றது. எனக்கு இந்தப் படம் பிடிக்கும், ஏனென்றால் மாமாவும் அப்பாவும் ஒரே படத்தில் இருக்கிறார்கள். ஆனால் அந்த வெளிக்கோட்டை யார் வரைவது என்று வரும்போது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வரும். பஸ்ஸுக்குக் காசு சேர்த்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போன ஆட்கள். கோடு வந்த பிறகுதான் விலை வந்தது, விலை வந்த பிறகுதான் மிஷின் வந்தது. மிஷின் முதலில் வரட்டும், கோட்டைப் பிறகு பார்க்கலாம் என்று பதினைந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம், வரவில்லை.

டேலியின் மூன்று கேள்விகளில் திருப்பூர் முதலாவதற்கு, அதுவும் ஆற்று அளவில் மட்டும், நீதிமன்றம் சொன்னதால் பதில் சொன்னது. மூன்றாவதை ஓடி ஓடிச் செய்தது. இரண்டாவதைத் தொடவே இல்லை. தொட்டிருக்க முடியும் என்றே நம்புகிறேன். மூடிய நாளிலிருந்து திறக்கும் நாள்வரை தொழிலாளிக்குப் பாதிச் சம்பளமாவது என்று ஒரு பக்கம் திறந்திருக்கலாம். துணி வாங்கும் ஒப்பந்தத்தில் தண்ணீர்ச் செலவு தனி வரியாக இருக்க வேண்டும் என்று ஊர் முழுக்க ஒரே குரலில் சொல்லியிருக்கலாம். எழுநூறு பட்டறைகள் சேர்ந்து கோர்ட்டுக்குப் போக முடிந்தது. இதற்குச் சேர முடியாதா?

முதல் கேள்வியும் முடிந்துவிடவில்லை. எவாப்பரேட்டர் ஓட நாள் முழுக்க விறகும் கரண்டும் வேண்டும். ஆற்றுக்குப் போனதில் ஒரு பங்கு இன்று புகையாகப் போகிறது. காய்ச்சிக் கடைசியில் மிஞ்சும் கலவை உப்பு யாருக்கும் ஆகாது, மழை பட்டால் கரைந்துவிடும் என்று கொட்டகை போட்டு மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு முறை போய்ப் பார்த்தேன். கூரை வரை மூட்டைகள். பேரேட்டில் அதற்கும் இன்னும் பக்கம் இல்லை.

போன தை மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு மாமா ஊருக்குப் போயிருந்தேன். உப்பின் அளவு காட்டும் பேனா மாதிரி மீட்டர் ஒன்று கையில் வைத்திருக்கிறேன். மாமா மோட்டாரைப் போட்டார். கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 2,600 மில்லிகிராம். பத்து வருடத்துக்கு முன்பு அதே கிணற்றில் நாலாயிரத்தைத் தாண்டியது. மழை நன்றாகப் பெய்த வருடங்கள் கொஞ்சம் கழுவிக்கொண்டு போயிருக்கின்றன. அணைக்குள் இன்னும் கோவைச் சாக்கடை வருகிறது. தென்னையில் காய் பரவாயில்லை என்றார். மஞ்சள் போட்டுப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார். இன்னும் ரெண்டு மழை பார்க்கலாமுங்க மச்சான் என்றார் மாமா. இரண்டு பேரும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் பட்டறைப் பேச்சு வந்தது. கிலோவுக்கு இப்போது எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். நாற்பத்தைந்து லிட்டர்தானுங்க மாமா, முன்னே நூறு என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவர் விரலை மடக்கிக்கொண்டு, "அப்ப மூணு டன்னு ஓட்டுனீங்க. இப்ப ஒரு நாளைக்கு எவ்வளவுங்க அம்மணி?" என்றார்.

"பன்னெண்டுங்க."

மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார்.